நாலாவது கேள்வி

நேர்முகத் தேர்வு நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க கம்பெனி ஒரு முழு நாளைச் செலவழித்தது. நாள் முடிந்தபோது கிஸ்லானுக்குப் புரிந்தது ஒன்றுதான். தேர்வு நடத்துகிறவர் வாயைத் திறக்கக் கூடாது.

கேள்வியைத் தாளில் இருக்கிறபடி வாசிக்கலாம். தேவைப்பட்டால் இன்னொரு தடவை வாசிக்கலாம். விளக்கக் கூடாது, எடுத்துக்கொடுக்கக் கூடாது, பதில் நன்றாக இருந்தால் சிரிக்கக்கூடக் கூடாது. வந்தவர் வாயால் சொன்னதை எழுத வேண்டும், எழுதியதற்கு மட்டும் மதிப்பெண் போட வேண்டும். ஒரு கேள்விக்குச் சொன்ன சம்பவம் இன்னொரு கேள்விக்குச் செல்லாது.

"உங்களுக்கு அவங்களைப் பத்தி என்ன தெரியுமோ, எல்லாத்தையும் கதவுக்கு வெளியில வச்சிட்டு வந்துடுங்க" என்றான் பர்சனல் ஆபீஸ் பதர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, முப்பது வயதுகூட ஆகாத பையன், சட்டை மடிப்பு கலையாமல் நடப்பான்.

"செருப்பு மாதிரியா, ஸி பதர்?" என்று, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஸி' சேர்த்தே கேட்டாள் கிஸ்லான்.

"செருப்பு மாதிரியேதான், மதாம்."

அவனையும் குறை சொல்ல முடியாது. நுவாஸரில் எந்தக் காபிக் கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான்: மாமன் உள்ளே இருந்தால் மருமகனுக்கு வேலை, இல்லாவிட்டால் வாசலில் நின்று வெயில் காய வேண்டியது. விமான நிலையத்தைச் சுற்றி இத்தனை தொழிற்சாலை வந்தும் அந்தப் பேச்சு போகவில்லை. அதற்கு மருந்தாகத்தான் பிரான்சில் இருக்கும் தலைமை அலுவலகம் இந்த முறையை அனுப்பி வைத்திருந்தது. சிபாரிசு என்கிற நோய்க்கு நல்ல மருந்துதான். நோய் இல்லாதவளுக்கும் அதையே ஊற்றினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். பதர் ஒருவன். பிரான்சில் இருந்து வந்து ஒன்பது வருடமாக இங்கேயே குடியிருக்கும் இன்ஜினியர் ஆலேன் இன்னொருவர். நம் பேச்சு முழுக்கப் புரியும், திட்டினால் இன்னும் நன்றாகப் புரியும். மூன்றாவது கிஸ்லான். விமானத்துக்குள் ஓடும் வயர்க் கற்றைகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவள் வேலை. இன்ஸ்பெக்டர் ஆகி ஐந்து வருடம் ஆகிறது. நூற்றுப்பதினாலு என்ற எண் பொறித்த அவளுடைய முத்திரை, அவள் இடுப்பில் சின்னச் சங்கிலியில் எப்போதும் தொங்கும். அது குத்திய கற்றை பறக்கலாம் என்று அர்த்தம்.

காலியாக இருந்ததும் ஒரு இன்ஸ்பெக்டர் இடம்தான். விண்ணப்பித்த நாலு பேரில் ஒருத்தி நஜாத்.

நஜாத்துக்கு நாற்பத்தொரு வயது. ஏஜென்சி மூலம் தற்காலிக ஒப்பந்தத்தில் வந்தவள். அந்த ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதோடு முடிகிறது, இனி ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். இந்த இடம் கிடைத்தால் நிரந்தரம். கிடைக்காவிட்டால் ஒன்றாம் தேதி காலை பஸ் வரும்போது அவள் வீட்டில் இருப்பாள். அக்கம்பக்கத் தொழிற்சாலைகள் இருபத்திரண்டு வயதுப் பெண்களை டிப்ளமோவோடு அள்ளிக்கொண்டிருக்கும்போது, டிப்ளமோ இல்லாத நாற்பத்தொரு வயதுக்காரியை யார் கூப்பிடுவார்கள்? புருஷன் விட்டுப் போய் எட்டு வருடம். மகள் அடுத்த வருடம் பள்ளிக்கூடம் முடிக்கிறாள். இதெல்லாம் கதவுக்கு வெளியே வைக்க வேண்டிய செருப்புகள்.

குழுவில் இருப்பவர்கள் நிரப்ப வேண்டிய ஒரு தாளில் "விண்ணப்பதாரர் உங்கள் உறவினரா? உங்களோடு ஒரே வீட்டில் வசிப்பவரா? உங்களோடு வியாபாரம் செய்பவரா?" என்று மூன்று கட்டம் இருந்தது. கிஸ்லான் மூன்றுக்கும் இல்லை என்று போட்டாள். பொய் இல்லை. தினமும் மத்தியானம் ஒரே தட்டில் சாப்பிடுகிறவரா என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை.

வியாழக்கிழமை காலை மூவரின் போனையும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, பதர் கேள்வி உறையைப் பிரித்தான். ஆறு கேள்விகள். நாலாவதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி.

"இது கட்டாயக் கேள்வி. இதுல மூணு மார்க்குக்குக் கீழ போனா, மத்ததுல என்ன வாங்கியிருந்தாலும் இந்த வேலை கிடையாது" என்றான்.

கிஸ்லான் அதைப் படித்தாள்.

"உங்களைவிடப் பொறுப்பில் உயர்ந்த ஒருவர் செய்த தவறை நீங்கள் கண்டுபிடித்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். என்ன செய்தீர்கள்? என்ன ஆனது?"

படித்ததும் அவளுக்கு முகம் சூடேறியது. அடுத்த நிமிடமே மனசு குளிர்ந்தது. நஜாத்துக்காகவே உட்கார்ந்து எழுதிய கேள்வி! அவள் கண்டுபிடித்த அந்தத் தவறு கிஸ்லான் செய்தது.

இரண்டு வருடம் முன்னால் நடந்தது. கிஸ்லானின் அப்பாவை அடக்கம் செய்து நாலாவது நாள் அவள் வேலைக்கு வந்திருந்தாள். கனெக்டருக்குள் சொருகிய ஒவ்வொரு வயரையும் விரலால் லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும், உள்ளே பூட்டிக்கொண்டதா என்று. அன்று முப்பத்தேழு வயர் இருந்த ஒரு கனெக்டரில் எல்லாவற்றையும் இழுத்தாளா, பாதியில் விட்டாளா என்று இன்றைக்கும் அவளுக்கு நினைவில்லை. முத்திரை மட்டும் குத்திவிட்டாள். அடுத்த மேஜையில் மூடி போட வந்த நஜாத், வேண்டாத வேலையாக இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்று கையோடு வந்துவிட்டது.

நஜாத் அதைத் தள்ளிச் சொருகிவிட்டு சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் நேரே கிஸ்லானிடம் வந்து, கூடப் பிறந்தவளைக் கூப்பிடுவதுபோல், "உஹ்தி, நான் சிவப்புச் சீட்டு எழுதித்தான் ஆகணும். உன்கிட்ட சொல்லிட்டு எழுதலாம்னு வந்தேன்" என்றாள். எழுதினாள். தவறைப் பதிவு செய்யும் அந்தச் சீட்டில் பெயர் வராது, முத்திரை எண் மட்டும்தான் வரும். கிஸ்லானின் முத்திரையை ஆறு வாரம் பிடுங்கி வைத்துக்கொண்டு, புதுசாக வந்த பெண்களோடு உட்கார வைத்து மறுபடி பாடம் நடத்தினார்கள். அந்த ஆறு வாரமும் ஹாலில் யார் கேட்டாலும் நஜாத் "கிஸ்லான் ட்ரெயினிங் போயிருக்கா, பெரிய ட்ரெயினிங்" என்று பெருமையடித்தாள். ஒரு உயிருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. சாயங்காலம் ஹரீரா சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு கிஸ்லான் வீட்டுக்கே வந்தாள். சிநேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

சொல்லட்டும், என்று நினைத்துக்கொண்டாள் கிஸ்லான். ஆலேன் முன்னாலும் இந்தச் சின்னப் பையன் முன்னாலும் என் மானம் போனால் போகட்டும், நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறேன். அவளுக்கு ஐந்துக்கு ஐந்து.

பதினோரு மணிக்கு நஜாத் உள்ளே வந்தாள். தலைக்குப் புதுத் துணி கட்டியிருந்தாள், நீலம். பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்தாள். கிஸ்லானைப் பார்த்து, முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல் "காலை வணக்கம், லல்லா" என்றாள். அவளுக்கும் யாரோ பாடம் எடுத்திருக்க வேண்டும்.

முதல் கேள்வியைக் கொஞ்சம் திணறித் தாண்டினாள். இரண்டாவது கேள்வி, விதியைக் கடைப்பிடிக்கச் சிரமப்பட்ட ஒரு சமயம் பற்றியது. அங்கேதான் அவளுக்கு நாக்கு அவிழ்ந்தது.

"ஒரு இடுக்கி காணாமப் போச்சுங்க. ட்ராயர்ல அது இருக்க வேண்டிய குழி காலியா இருக்கு. இடுக்கி கெடைக்காம ஹாலை விட்டு ஒரு கற்றை வெளிய போகக் கூடாது இல்லையா, அதுக்குள்ள விழுந்திருந்தா? எல்லா வேலையும் நின்னுச்சு. நோன்பு மாசம், சாயங்காலம், எல்லாருக்கும் பசி. சூப்பர்வைசர் 'விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம், வீட்டுல சூப்பு ஆறுது'ங்கறார். நான் சொன்னேன், ஐயா, சூப்ப சுட வச்சுக்கலாம், விமானத்த மேல போனப்புறம் கீழ எறக்கிப் பாக்க முடியாதே. தேடினோம். மேஜைக்கடியில, குப்பைத் தொட்டியில, கழிவறையில. கடைசில எங்க இருந்துச்சு தெரியுமா? சூப்பர்வைசரோட ஜெல்லாபா அங்கிப் பையிலயே இருந்துச்சு! காது குடைய எடுத்தாராம்."

ஆலேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விதி ஞாபகம் வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். பதர் தலையைத் தூக்காமல் வேகமாக எழுதினான், ஆனால் அவன் தோள் குலுங்கியது. மூன்றாவது கேள்விக்கும் அதே ஓட்டத்தில் சொன்னாள். கிஸ்லானுக்கு மேஜைக்கடியில் கால் துள்ளியது.

முறைப்படி நாலாவது கேள்வியை வாசிக்க வேண்டியவள் கிஸ்லான். வாசித்தாள். "உங்களைவிடப் பொறுப்பில் உயர்ந்த ஒருவர் செய்த தவறை..."

நஜாத்தின் முகத்தில் ஏதோ அணைந்தது. அவள் கிஸ்லானைப் பார்த்தாள். பிறகு ஆலேனை, பதரை. மறுபடி கிஸ்லானை.

"அந்த இடுக்கிய விட்டா அப்படி ஒண்ணும் நடக்கலைங்க, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "எங்க ஹால்ல பெரியவங்க எல்லாரும் ரொம்பக் கவனமானவங்க."

நம் ஜனங்களுக்கு இது ஒன்று உண்டு. அடுத்தவர் குறையை அல்லாஹ்வே மூடி வைத்திருக்கும்போது நாம் திறக்கலாமா என்பது தாய்ப்பாலோடு ஊட்டியது. அதுவும் அந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, வெளிநாட்டுக்காரன் பேனாவோடு காத்திருக்க, வாயைத் திறப்பாளா? சீட்டு எழுதுவது கடமை, அதை அவள் எழுதிவிட்டாள். ஆளைக் காட்டிக் கொடுப்பது வேறு. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து கேள்வி எழுதியவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

கிஸ்லானுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. "கேள்வியை மறுபடி வாசிக்கிறேன்" என்றாள். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். தவறை என்ற இடத்தில் கண்ணை நிமிர்த்தி நஜாத்தை நேராகப் பார்த்தாள். சொல்லுடி, என்னைச் சொல்லு, நான் தாங்கிக்கிறேன், என்று கண்ணால் கத்தினாள். அது போதாதென்று, கை தானாக இடுப்புக்குப் போய் முத்திரையைப் பிடித்தது. இதைத்தான், இந்த நூற்றுப்பதினாலைத்தான் என்று காட்டுவதாக நினைப்பு. இறுக்கிப் பிடித்ததில் சங்கிலி சத்தம் போட்டது.

நஜாத் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் முகம் இளகிவிட்டது. குழந்தை பயந்தால் பக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கு வருமே, அந்த முகம்.

"எழுதிக்குங்க" என்று பதரிடம் சொன்னாள். "அப்படி வேற எதுவும் நடந்ததே இல்ல. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

பதர் எழுதிக்கொண்டான். ஆலேன் ஒரே ஒரு வரி எழுதினார். கிஸ்லான் பேனாவைத் தாளில் வைத்தாள், அது நகரவில்லை. அவளுக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் தேர்வு அந்த இடத்திலேயே ரத்து. அந்த ஒரு நாள் பாடத்தில் அதையும்தான் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

நாலு பேரும் வந்து போனபின் கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் மதிப்பெண்ணைப் படித்தார்கள். நஜாத்தின் நாலாவது கேள்விக்கு ஆலேன் ஒன்று, பதர் ஒன்று. கிஸ்லானுடைய தாளில் அந்தக் கட்டம் மட்டும் காலி.

"மதாம், நீங்க போடலையே?"

"அவங்களுக்கு அப்படி ஒண்ணு நடந்திருக்கு" என்றாள் கிஸ்லான். "அவங்க கண்டுபிடிச்ச தப்பு என்னோடது. நான்தான் இழுத்துப் பாக்காம முத்திரை குத்தினேன். அவங்க சிவப்புச் சீட்டு எழுதினாங்க. என் முத்திரையை ஆறு வாரம் வாங்கி வச்சாங்க. ரெக்கார்டுல எல்லாம் இருக்கு, எடுத்துப் பாருங்க. நான் எதிர்ல உட்கார்ந்திருக்கேன்னுதான் அவங்க சொல்லல."

சொல்லி முடித்தபோது காது இரண்டும் எரிந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள். இரண்டு வருடமாக ஒளித்து வைத்திருந்ததை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று அவளுக்கே தெரியாது.

பதர் பேனாவை மூடினான். "அவங்க வாயால சொன்னாங்களா?"

"அதான் சொல்றேனே, என்னால..."

"மதாம், சொன்னாங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப நான் எதை எழுதுவேன்? நீங்க சொன்னதையா? 'குழுவுல இருக்கிறவங்க அவங்களுக்காகப் பேசினாங்க'ன்னு எழுதவா? இதைத்தானே மதாம் ஊர்ல சிபாரிசுங்கறாங்க!"

"சிபாரிசா? என் தப்ப நானே சொல்றது சிபாரிசாப்பா?"

அவள் ஆலேன் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் நம்புறேன், கிஸ்லான்" என்றார். "ஒவ்வொரு வார்த்தையும் நம்புறேன். ஆனா நம்புறதுக்கு இந்தத் தாள்ல எடமில்ல. அந்தக் கேள்வில அவங்க தோத்துட்டாங்க. வேற வழியில்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மொத்த மார்க் நல்லாத்தான் இருக்கு. காத்திருப்போர் பட்டியல்ல பேர் வந்துரும். ஆறு மாசத்துக்குள்ள இடம் வந்தா முதல்ல கூப்பிடலாம்" என்றார்.

அதுவாவது இருக்கிறதே என்று கிஸ்லான் மூச்சு விட்டாள். அதற்குள் பதர் கோப்பிலிருந்து வேறொரு தாளை உருவினான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பல் பிடுங்கப் போகிறவன் முகம்.

"மதாம், நீங்க இதைச் சொல்லாம இருந்திருக்கலாம். இப்ப நான் கேட்டுத்தான் ஆகணும். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நீங்க ரெண்டு பேரும் பழக்கமா?"

"ஒண்ணா சாப்பிடுவோம்."

"வீட்டுக்குப் போக வர?"

கிஸ்லானுக்கு எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி பார்த்தாள். இப்போதுதான் உண்மை பேசப் பழகியிருந்தாள், வாய் திரும்ப மறுத்தது. "போக வர உண்டு" என்றாள்.

"அப்போ இந்த விதிப்படி அவங்க தாள்ல உங்க மதிப்பெண் செல்லாது. மொத்தமா அடிக்கணும். எங்க ரெண்டு பேரோடது மட்டும்தான்." அவன் கூட்டிப் பார்த்தான். இன்னொரு தடவை கூட்டினான். பிறகு தாளை ஆலேன் பக்கம் நகர்த்தினான். ஆலேன் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழுவில் அதிக மதிப்பெண் போட்டிருந்தவள் கிஸ்லான்தான். அது போனதும் நஜாத்தின் பெயர் பட்டியலில் இருந்தும் இறங்கிவிட்டது.

"நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள் கிஸ்லான். "சொல்லவே இல்லன்னு வச்சுக்குங்க. பதர், நான் உன் அக்கா மாதிரி இல்லையா? யா அல்லாஹ், நான் வாயே திறக்கல."

அவன் 'மதாம்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். "அக்கா, காது கேட்டுருச்சே. நான் என்ன பண்ணட்டும்? நாளைக்குத் தணிக்கைக்கு வந்து கேட்டா என் வேலையும் சேர்ந்து போகும்" என்றான். குரல் உடைந்திருந்தது. அவன் மீது கோபப்படக்கூட அவளுக்கு வழி வைக்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள்.

முடிவை வெளியே சொல்ல மாட்டேன் என்று இன்னொரு தாள். அதிலும் போட்டாள்.

மூன்று மணிக்கு ஷிப்ட் விட்டது. பெர்ரஷீத் ஊருக்குப் போகும் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நஜாத் அதில் ஏறாமல், காற்றில் பறக்கும் நீலத் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு கிஸ்லானுக்காகக் காத்திருந்தாள். கிஸ்லான் வேறு வாசலால் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கால் இங்கேயே கொண்டுவந்து விட்டது.

"வா, வா. ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள் நஜாத், அவள் கையைக் கோத்துக்கொண்டு. "உன்னைச் சங்கடத்துல மாட்டி விட மாட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, குஸ்குஸுக்கு வந்துரு, அது போதும்."

"சரி."

"அந்த இடுக்கிக் கதை பாத்தியா? உன் பிரெஞ்சுக்காரன் இருமின இருமல்ல நான் பயந்துட்டேன், ஆளு போயிருவானோன்னு."

கிஸ்லான் சிரிக்கப் பார்த்தாள். முகம் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. நஜாத் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ இன்னும் அதையே நெனச்சிட்டிருக்க, தெரியுது. அந்தக் கேள்வி! எவன் எழுதினானோ, அவன் பேனா முறிய. நீ மறுபடி வாசிச்சியே, உன் கண்ணப் பாத்தேன். கை எப்படிப் போய் அந்த முத்திரையப் பிடிச்சிச்சு! என் ஈரக்கொலையே ஆடிப் போச்சு. அடிப் பைத்தியமே, நான் சொல்லிருவேன்னு நெனச்சியா?"

டிரைவர் ஹாரன் அடித்தான். உள்ளே இருந்து பெண்கள் "நஜாத், வர்றியா இல்ல நடந்து வர்றியா?" என்று கூப்பிட்டார்கள். கிஸ்லானின் வாய்வரை வந்தது. நான் சொல்லச் சொன்னேன்டி, சொல்லத்தான் சொன்னேன். கையெழுத்துப் போட்ட தாளுக்காக அவள் அதை விழுங்கவில்லை. இதைச் சொன்னால் நஜாத்திடம் மிச்சமிருப்பது என்ன? வேலை போனது ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கே தெரிந்துவிடும். அவள் மூடி மறைத்தது வீணாகப் போனது என்பதையும் சேர்த்து ஏன் தெரிய வேண்டும்?

"ஒரு கேள்விதானே" என்று படியில் ஒரு காலை வைத்தபடி நஜாத் சொன்னாள். "மீதி அஞ்சும் நல்லாச் சொல்லியிருக்கேன். ஒண்ணுக்காகவா ஒருத்திய வீட்டுக்கு அனுப்புவாங்க?" பிறகு திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை மார்க் கேட்பதுபோல் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஆனா நாலாவதுல நல்லாச் சமாளிச்சேன்ல?"

"நல்லாச் சமாளிச்ச" என்றாள் கிஸ்லான்.